ஷில்லாங்ல பாப் டிலன் பர்த்டேவுக்கு ஏன் இவ்ளோ அலப்பறை? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா

பாளையங்கோட்டை_பயணி:

எல்லாருக்கும் வணக்கம். சென்ட்ரல் கவர்மென்ட் வேலை, போன செப்டம்பர்ல ட்ரான்ஸ்ஃபர் போட்டு ஷில்லாங்குக்கு தூக்கி அடிச்சிட்டாங்க. லைதும்க்ரா பக்கம் ஒரு மாடியில வாடகைக்கு இருக்கேன். வீட்டு ஓனர் கீழ் வீட்டுல, ரிட்டயர்டு ஸ்கூல் வாத்தியார், காசி இனத்துக்காரர் (நம்ம கங்கைக்கரை காசி இல்ல, இங்க உள்ள மலை ஜனங்க), எழுபதை தாண்டிட்டார், பேச்சே கம்மி. வாடகை குடுக்கப் போனா பாக்கு வெத்தலை நீட்டுவார், அதுக்கு மேல உறவு கிடையாது.

மே 23 ராத்திரி படியில நின்னுக்கிட்டு "நாளைக்கு டிலனோட பர்த்டே, சாயங்காலம் நீயும் வா"ன்னார். நான் அவர் பேரன்னு நெனச்சுட்டேன். இந்த ஊர்ல பசங்களுக்கு ஹில்லாரி, கென்னடின்னு எதை வேணா பேரா வைப்பாங்க, அதனால சந்தேகமே வரல. போலீஸ் பஜார்ல போய் 650 ரூபாய்க்கு ஒரு ரிமோட் கார் வாங்கி, மினுமினுன்னு பேப்பர் சுத்தி, மேல பலூன் படம் போட்ட கார்டு ஒண்ணு ஒட்டி எடுத்துட்டுப் போனேன். மனுஷன் பார்சலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கார்டைப் படிச்சார், அப்புறம் சிரிச்சாரு பாருங்க, எட்டு மாசமா அவருக்கு பல்லு இருக்கறதே எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் அது பேரன் இல்ல, அமெரிக்கப் பாடகர் பாப் டிலன்னு சொல்லி ஹாலுக்கு கூட்டிட்டுப் போனார். மேடையில வெள்ளை முடி முதுகு வரைக்கும் தொங்க, அரை டவுசர் போட்டுக்கிட்டு, ஒரு காலுக்கு ஒரு கலர் சாக்ஸ் போட்ட ஒரு பெரியவர் கிட்டாரோட குதிச்சு குதிச்சு பாடறார். கூட்டத்துல காலேஜ் பசங்க, பாட்டிங்க, பாதிரியார் ஒருத்தர் கூட. எல்லாருக்கும் எல்லா வரியும் மனப்பாடம். எங்க ஓனர் கண்ணை மூடிக்கிட்டு உதட்டை மட்டும் அசைச்சுக்கிட்டு இருந்தார்.

வீட்டுக்கு வந்து ஆர்வத்துல ஒரிஜினல் டிலனோட சமீபத்திய கச்சேரி ஒண்ணை யூட்யூப்ல தேடிப் போட்டேன். சத்தியமா சொல்றேன், ஒண்ணும் புரியல. குரல் ஜல்லி கொட்டற மாதிரி இருக்கு, மேடை அரை இருட்டு, வந்த ஜனத்துக்கு ஒரு வணக்கம் கூட கிடையாது. இவருக்காகவா இந்த மலை மேல உக்காந்துக்கிட்டு வருஷா வருஷம் விழா எடுக்கறாங்க? இந்த ரசிகர்களுக்கு என்னதான் கிடைக்குது? கிண்டல் பண்ணல, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்.

கோமதி_குவஹாத்தி:

தம்பி, ரிமோட் காரைப் படிச்சு ஆஃபீஸ்ல வாய் விட்டு சிரிச்சுட்டேன். 😂 என் வீட்டுக்காரர் ஏர்ஃபோர்ஸ், அப்பர் ஷில்லாங்ல 11 வருஷம் இருந்தோம், அதனால எனக்கு கொஞ்சம் தெரியும்.

நீங்க பார்த்த அந்த அரை டவுசர் பெரியவர் பேரு லூ மஜாவ். ஊர்ல எல்லாரும் "பா லூ"ன்னுதான் சொல்வாங்க, பான்னா நம்ம ஊர்ல அண்ணேன்னு சொல்ற மாதிரி. 1972ல இருந்து மே 24ஆம் தேதி இவருக்கு டிலன் பர்த்டேதான். அப்போல்லாம் இன்டர்நெட்டா டிவியா என்ன இருந்துச்சு, கல்கத்தாவுல இருந்து யாராவது ரெக்கார்டு கொண்டு வந்தாதான் பாட்டு, அதை நாலு வீட்டுக்காரங்க ஒரே ரூம்ல உக்காந்து கேப்பாங்களாம். லூவே 60கள்ல கல்கத்தாவுல பாடிக்கிட்டு இருந்தப்போதான் டிலனைக் கேட்டு மாட்டிக்கிட்டார். டிலன் ஒரு தடவை கூட ஷில்லாங் மேடை ஏறினது கிடையாது. ஊருக்கு அதைப் பத்தி ஒரு கவலையும் கிடையாது. டிலன் பேருலயே ஒரு கஃபே இருக்கு பாருங்க, ஒரு நாள் போயிட்டு வாங்க.

இன்னொண்ணு, நீங்க பாளையங்கோட்டைன்னா இது உங்களுக்கே புரியணும். 1841ல வேல்ஸ் நாட்டு மிஷனரி ஒருத்தர் சோரா (நம்ம சிரபுஞ்சிதான்) வந்து இறங்கினதுல இருந்து இங்க தெருவுக்கு ஒரு சர்ச், சர்ச்சுக்கு ஒரு கொயர், அதாவது பாட்டுக் குழு. நாலு பேர் சேர்ந்தா நாலு சுருதி பிரிச்சுப் பாடற ஊரு இது. கிட்டார் இல்லாத வீட்டைக் கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம். அப்படிப்பட்ட ஊர்ல வார்த்தைக்கு முக்கியத்துவம் குடுத்து ஒத்த கிட்டார்ல பாடற ஆள் வந்தா ஒட்டிக்காதா?

அப்புறம் அந்த பாக்கை ஜாக்கிரதையா போடுங்க, காது சூடாகி மயக்கம் வரும், எனக்கு முதல் நாளே ஆச்சு.

உள்ளதை_சொல்வேன்:

அக்கா நல்லா சொன்னீங்க, ஆனா இது வெறும் அமெரிக்க மோகம்தான். அவருக்கு நோபல் குடுத்தாங்க 2016ல, ரெண்டு வாரம் வாயே திறக்கல, விழாவுக்கும் போகல, பாட்டி ஸ்மித்ங்கற பாடகி போய் அவருக்காக பாட வேண்டியதாச்சு. 2020ல 600 பாட்டுக்கு மேல, எழுதின உரிமை மொத்தத்தையும் யுனிவர்சல் மியூசிக் கம்பெனிக்கு வித்தாச்சு. 2022ல நடந்தது தெரியுமா? அவர் கையெழுத்து போட்ட புத்தகம்னு ஒண்ணு 599 டாலருக்கு வித்தாங்க, 900 பிரதி. ரசிகர்கள் வாங்கி ஆளாளுக்கு போட்டோ எடுத்து போட்டப்போதான் தெரிஞ்சுது, கையெழுத்தெல்லாம் அச்சு அசல் ஒரே மாதிரி, மெஷின் போட்டது! பணத்தை திருப்பிக் குடுத்தாங்க, அவரும் மன்னிப்பு கேட்டார். இவரைப் போய் சாமி மாதிரி கும்பிடறதுக்கு என்ன இருக்கு.

பழைய_கேசட்:

உள்ளதை_சொல்வேன் சார், நீங்க சொன்ன எல்லாம் உண்மை, ஆனா அந்த மெஷின் கையெழுத்தைக் கண்டுபிடிச்சது யாரு? ரசிகர்கள்தான். டிலன் ரசிகன் மாதிரி டிலனைத் திட்டறவன் உலகத்துல வேற யாரும் கிடையாது, இதுல பக்தியும் சண்டையும் ஒண்ணாதான் இருக்கும், புருஷன் பொண்டாட்டி மாதிரி.

கொஞ்சம் பழைய கதை சொல்றேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க. 1965 ஜூலை 25, நியூபோர்ட் ஃபோக் ஃபெஸ்டிவல், அமெரிக்காவுல நாட்டுப்புறப் பாட்டுக்கான விழா. அதுவரைக்கும் ஒத்த கிட்டாரும் கழுத்துல மாட்டின மவுத்ஆர்கனுமா நின்ன ஆள் திடீர்னு எலக்ட்ரிக் கிட்டாரும் பேண்டுமா வந்து நிக்கறார், கூட்டத்துல பாதி ஊளை விடுது. அடுத்த வருஷம் மே 17, இங்கிலாந்து மான்செஸ்டர்ல ஃப்ரீ ட்ரேட் ஹால், பாட்டுக்கு நடுவுல கிடைச்ச அமைதியில ஒருத்தன் "யூதாஸ்!"னு கத்தினான். ஏசுவைக் காட்டிக் குடுத்தவன் பேரு அது, பாளையங்கோட்டை தம்பிக்கு அந்த வார்த்தையோட கனம் தெரியும். காசு குடுத்து டிக்கெட் வாங்கி வந்தவன் சார் அவன். டிலன் "உன்னை நான் நம்பல, நீ பொய்யன்"னுட்டு பேண்ட் பக்கம் திரும்பி, சத்தமா வாசிங்கடான்னு சொல்லிட்டு அடுத்த பாட்டை ஆரம்பிச்சார். அந்த டேப் முப்பது வருஷம் திருட்டு ரெக்கார்டாவே ஊரெல்லாம் சுத்துச்சு. யாரோ லேபிள்ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்னு தப்பா எழுதிட்டாங்க. 1998ல ரெக்கார்டு கம்பெனியே முறைப்படி வெளியிட்டப்போ அந்த தப்பான பேரையே மேற்கோள் குறிக்குள்ள போட்டு வெளியிட்டாங்க. ஏன்னா எல்லாருக்கும் அதுதான் பேரு!

திருட்டு ரெக்கார்டுன்னு சொல்றப்போ, ராக் பாட்டு உலகத்துல முதல் பிரபலமான பூட்லெக்கே டிலனோடதுதான். 1969ல லாஸ் ஏஞ்சலஸ்ல, வெறும் வெள்ளை அட்டை, மேல ரப்பர் ஸ்டாம்ப்ல பேரு. வெளியிடாம பொட்டிக்குள்ள வெச்சிருந்த பாட்டெல்லாம் கடைக்கு வந்துடுச்சு. கம்பெனி இதை தடுக்க முடியாம கடைசியில 1991ல இருந்து தானே "பூட்லெக் சீரிஸ்"னு பேரு வெச்சு ஒவ்வொண்ணா வெளியிட ஆரம்பிச்சுது. திருடன் பேரையே கடை போர்டுல எழுதிக்கிட்ட மாதிரி. இன்னிக்கும் வருது.

அசிங்கமான பக்கமும் உண்டு, மறைக்கல. 1970 வாக்குல நியூயார்க் கிரீன்விச் வில்லேஜ்ல குடியிருந்தப்போ ஒரு வெறி பிடிச்ச ரசிகர் அவர் வீட்டு வாசல் குப்பைத்தொட்டியைக் கிளறி ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தார், பாட்டுக்கு அர்த்தம் அதுல இருக்குன்னு நம்பிக்கை. கெடைச்சது என்னவோ குழந்தையோட அழுக்கு டயப்பர். அதுக்கு முன்னாடி வுட்ஸ்டாக்ங்கற ஊர்ல இருந்தப்போ ராத்திரி வீட்டுக்குள்ளயே ஆளுங்க நுழைஞ்சிருக்காங்க. இத்தனையும் அனுபவிச்ச மனுஷன் மேடையில நின்னு "ஐ லவ் யூ"ன்னு எப்படி சொல்லுவார்?

என் கதை: 1995ல அமெரிக்காவுல படிக்கப் போனேன், கையில காசு கிடையாது. இன்டர்நெட்ல அப்போ நியூஸ்க்ரூப்னு உண்டு, ஆளாளுக்கு எழுதிப் போடற இந்த மாதிரி பக்கம்தான், அதுல டிலனுக்குன்னு தனியா ஒண்ணு. "டேப் ட்ரீ" போடுவாங்க. போன வாரக் கச்சேரியை ஒருத்தர் மைக்கை தொப்பிக்குள்ள ஒளிச்சு வெச்சு பிடிச்சிருப்பார், அவர் அஞ்சு பேருக்கு காப்பி எடுத்து அனுப்பணும், அந்த அஞ்சு பேரும் ஆளுக்கு அஞ்சு. நான் ட்ரீல கடைசி இலை. ரெண்டு வெத்து கேசட்டும் திரும்பி வர ஸ்டாம்பும் வெச்சு முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு அனுப்பணும், அவங்க பதிஞ்சு அனுப்புவாங்க. காசு வாங்கினா கெட்ட பேரு. ரெண்டு வருஷத்துல ஒருத்தர் கூட என்னை ஏமாத்தல. ஒரு அம்மா கேசட்டோட சேர்த்து வீட்டுல சுட்ட பிஸ்கட் அனுப்பினாங்க, ஸ்டூடண்ட்னு சொன்னதுக்காக. அந்த கேசட்ல பாட்டை விட பக்கத்து சீட்டுக்காரர் இருமினதுதான் ஜாஸ்தி, இருந்தும் இன்னி வரைக்கும் தூக்கிப் போடல.

தம்பி கேட்ட "என்ன கிடைக்குது"க்கு என் பதில் அந்த இருமல்தான். டிலன் எங்களுக்கு எதுவும் குடுக்கல, நாங்களே ஒருத்தருக்கு ஒருத்தர் குடுத்துக்கிட்டோம்.

ஒஹாயோ_ஓரமா:

கேசட் அண்ணா பதிவுக்கு பெரிய கும்பிடு 🙏. நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கேன், 2023ல. பாட்டு பெருசா தெரியாது, கூட வேலை பாக்கற வெள்ளைக்காரர் ஒருத்தர், அறுபத்தஞ்சு வயசு, பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்ல நீ வான்னு கூட்டிட்டுப் போனார்.

வாசல்லயே நம்ம போனை வாங்கி ஒரு சின்ன துணிப் பையில போட்டு பூட்டி நம்ம கையிலயே குடுத்துடுவாங்க, வெளிய போறப்போதான் திறந்து விடுவாங்க. முதல் பத்து நிமிஷம் கை நமநமங்குது. அப்புறம் ஒரு மாதிரி நல்லா இருந்துச்சு, ரெண்டாயிரம் பேர் இருக்கற இடத்துல ஒரு வெளிச்சம் இல்ல. டிலன் கிட்டாரைத் தொடவே இல்ல, பியானோ பின்னாடி உக்காந்தாரு, எனக்கு அவர் தலை மட்டும்தான் தெரிஞ்சுது. பேசினது பேண்ட் ஆளுங்க பேரு மட்டும்.

என் பக்கத்துல உக்காந்த கலீக் சட்டைப் பாக்கெட்ல இருந்து ஒரு குட்டி நோட்டும் பென்சிலும் எடுத்தார். இருட்டுல, பேப்பரைப் பாக்காமயே ஒவ்வொரு பாட்டா எழுதிக்கிட்டே வந்தார், கோடு எல்லாம் ஏறி இறங்கி. ஒரு பாட்டு ஆரம்பிச்சு ரெண்டு வரி போச்சு, யாருக்கும் எதுன்னு தெரியல, மூணாவது வரியில திடீர்னு எங்க வரிசை மொத்தமும் "ஓ..."ன்னு மெதுவா சிரிச்சுது. அறுபது வருஷத்துப் பாட்டாம், ட்யூன், தாளம் எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கார், வார்த்தை மட்டும்தான் மிச்சம். கலீக் பென்சிலைக் கீழ வெச்சுட்டு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார்.

கார்ல வர்றப்போ கேட்டேன், பழைய மாதிரியே பாடினா உங்களுக்கு பிடிக்காதான்னு. "அது வீட்டுல ரெக்கார்டா இருக்கே, அதைக் கேக்க நான் ஏன் ரெண்டு மணி நேரம் கார் ஓட்டணும்"னார். நான் இன்னும் டிலன் ஃபேன் ஆகல, அந்த கலீக்கோட ஃபேன் ஆயிட்டேன்.

கோமதி_குவஹாத்தி:

அந்த பென்சில் ஆளை நான் மயிலாப்பூர்லயே பார்த்திருக்கேனே! மார்கழியில சபா சபாவா அலையற மாமாங்க, நோட்டுல ராகம் பேரு குறிச்சுக்கிட்டு, "போன வாரம் இதே கீர்த்தனையை வேற மாதிரி இழுத்தார்"னு கேண்டீன்ல அடை சாப்பிட்டுக்கிட்டே சண்டை போடுவாங்க. பல்லவி ஒண்ணுதான், நிரவல் இன்னிக்கு எங்க போகுதுன்னு பாக்கத்தானே போறாங்க. சினிமா பாட்டு கச்சேரிக்குப் போறவங்களுக்கு சிடியில இருக்கற மாதிரி அச்சா இருக்கணும், ஒரு வயலின் கூட மாறக்கூடாது. ரெண்டும் ரெண்டு தினுசு ரசனை, தம்பி முதல் தினுசை எதிர்பார்க்காம ரெண்டாவதை எதிர்பார்த்து யூட்யூப்ல போட்டுட்டார், அவ்ளோதான்.

உள்ளதை_சொல்வேன்:

அக்கா, பாகவதர் வந்தவங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுதான் பாடுவார். பியானோ பின்னாடி ஒளிய மாட்டார்.

பழைய_கேசட்:

ஹாஹா, அந்த பாயின்ட் உங்களுக்கு. 1979 நவம்பர்ல சான் ஃப்ரான்சிஸ்கோ வார்ஃபீல்ட் தியேட்டர்ல இன்னும் மோசம், கிறிஸ்தவரா மாறின புதுசு, பழைய பாட்டு ஒண்ணு கூட கிடையாது, மொத்தமும் பக்திப் பாட்டு, நடுநடுவுல பிரசங்கம். கத்திட்டு எழுந்து போனவங்க உண்டு. அப்படிப் போனவங்கள்ல பாதிப் பேர் அடுத்த டூருக்கு திரும்ப வந்து க்யூல நின்னிருப்பாங்கன்னு நான் அடிச்சு சொல்வேன், ஏன்னா நானே அப்படித்தான், 90கள்ல ஒரு கேவலமான கச்சேரி பார்த்துட்டு இனிமே வரமாட்டேன்னு சபதம் போட்டேன், மூணு மாசம் தாங்கல. 1988 ஜூன் 7ல கலிஃபோர்னியா கான்கார்ட்ல டூர் கிளம்பின மனுஷன், வருஷத்துக்கு நூறு கச்சேரி கணக்குல, கொரோனா வந்த 2020ல மட்டும்தான் ஒரு வருஷம் முழுக்க மேடை ஏறாம இருந்தார். எண்பது வயசுல 2021 நவம்பர்ல திரும்ப கிளம்பிட்டார். அப்படி ஒரு ஆள் ஓடிக்கிட்டே இருக்கறப்போ பின்னாடி ஓடறவன் நிக்க முடியுமா சொல்லுங்க.

அது சரி, பாளையங்கோட்டை தம்பி எங்க போனார்? ரிமோட் கார் என்ன ஆச்சு?

பாளையங்கோட்டை_பயணி:

மன்னிச்சுக்கோங்க, மூணு நாளா மழை, கரண்ட் இல்ல, நெட் இல்ல. எல்லாரோட பதிலையும் இப்போதான் படிச்சேன். கோமதி அக்கா, பாக்கு விஷயத்துல நீங்க லேட்டு, எனக்கு செப்டம்பர்லயே மயக்கம் வந்து முடிஞ்சுது.

நேத்து சாயங்காலம் வாடகை குடுக்கப் போனேன். உங்க பதிலையெல்லாம் ஓனர்கிட்ட எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். யூதாஸ் கதை அவருக்குத் தெரியும். பென்சில் ஆள் கதையை மட்டும் ரெண்டு தடவை சொல்ல வெச்சார்.

அப்புறம் உள்ள போய் ஒரு ரெக்கார்டு எடுத்துட்டு வந்தார், அட்டை ஓரமெல்லாம் பூஞ்சை தட்டி, செலோடேப் போட்டு ஒட்டினது. 1967ல வந்த ஜான் வெஸ்லி ஹார்டிங். மேல போட்டோவுல டிலன் நடுவுல நிக்கறார், ரெண்டு பக்கமும் யாரு தெரியுமா, நம்ம வங்காளத்து பாவுல் பாடகர்கள் (ஊர் ஊரா பாடிட்டுத் திரியற சாமியார் மாதிரி), பூர்ண தாஸும் லக்ஷ்மண் தாஸும். ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. டிலனோட மேனேஜர் அமெரிக்காவுக்கு வரவழைச்சிருந்தாராம். எங்க ஓனர் அந்த ரெண்டு முகத்து மேலயும் விரலை வெச்சு காட்டினார். "நான் சின்னப் பையன், கல்கத்தா கடையில இந்த அட்டையைப் பார்த்தேன், பாட்டு எப்படி இருக்கும்னே தெரியாது, பக்கத்துல நிக்கறவங்க நம்மாளுங்க மாதிரி இருக்காங்களேன்னு வாங்கினேன்"னார். அவ்ளோதான் ஆரம்பம். கையில இருந்த காசு பூரா அதுக்கே போயிடுச்சாம், ஊர் திரும்ப பஸ்ஸுக்கு கடன் வாங்கினாராம்.

டிலனை நேர்ல பாக்கணும்னு ஆசை உண்டான்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சார். "பார்த்து என்ன பேசறது?"ன்னார்.

உள்ளதை_சொல்வேன் அண்ணன் கேள்வியையும் கேட்டேன், வணக்கம் கூட சொல்லாத ஆளுக்கு ஏன்னு. அதுக்கு அவர் எனக்கு பாக்கு மடிச்சுக் குடுத்தார், பதில் சொல்லல.

ரிமோட் கார் ரெக்கார்டு ப்ளேயர் பக்கத்துல இருக்கு, பலூன் கார்டை கூட பிரிக்காம அப்படியே சாத்தி வெச்சிருக்கார். யாராவது வந்தா எடுத்துக் காட்டி காசி பாஷையில என்னமோ சொல்றார், எல்லாரும் என்னைப் பார்த்து சிரிக்கறாங்க. பேட்டரி வாங்கிக் குடுத்துட்டு வந்திருக்கேன்.